அங்கியைக் கழற்றிய ஞாயிறு

சனிக்கிழமை சாயங்காலங்களில் என் வீட்டுக்காரர் மறுநாள் பிரசங்கத்தைச் சமையலறையில் வைத்துத்தான் சொல்லிப் பார்ப்பார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவர் ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, சபையே எதிரில் உட்கார்ந்திருப்பதைப் போலத் தொண்டையைச் செருமுவார். இழுவையாகப் போனால் நான் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். "சரி சரி, குறைச்சுக்கறேன்" என்பார். என் கண்ணில் நீர் வழிந்தால் அது பிரசங்கத்தின் உருக்கமா, வெங்காயத்தின் காரமா என்று அவருக்குக் கடைசிவரை சந்தேகம்தான். அவர் போதகராக இருந்த எல்லா ஊர்களிலும் இதுதான் வழக்கம். ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் அவர் சமையலறைப் பக்கமே வரவில்லை.

அது தேர்தல் சமயம். நகரசபைக்கு என் தம்பி நின்றான். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன், வாயாடி, பார்க்கிற எவரையும் தோளில் கைபோட்டு உறவாக்கிக்கொள்வான். ரயில் பாதையோரத்துத் தகர வீடுகளை எடுத்துவிட்டுப் பேருந்து நிலையம் கட்டுவேன் என்பதுதான் அவனுடைய பெரிய வாக்குறுதி. ஊரில் பாதிப் பேருக்கு அது தேனாக இனித்தது. அந்த வீடுகளிலிருந்து சில குடும்பங்கள் எங்கள் ஆராதனைக்கு வரும். கடைசி வரிசையில் ஒதுங்கி உட்காரும்.

அந்த வாரம் தம்பி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.

"அத்தான், ஓட்டுப் போடுங்கன்னு எல்லாம் சொல்ல வேணாம். 'நம்ம பையன்'னு ஒரு வார்த்தை. மத்த சபையில எல்லாம் பேசறாங்களே."

"பிரசங்க பீடத்துல நான் ஓட்டுப் பேச்சு எடுத்ததே இல்லடா."

"நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே? போதகர்னா வாயைக் கட்டிக்கணுமா?"

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "வேண்டியதில்லதான்" என்றார் மெதுவாக. அதை நம்பிக்கொண்டு தம்பி சிரித்தபடி போனான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முதல் வரிசையில், மடிப்புக் கலையாத சட்டையில் உட்கார்ந்திருந்தான். நான் வழக்கம்போல ஆர்கன் முன்னால். பிரசங்கம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் அங்கியைக் கழற்றி, மடித்து நாற்காலியில் வைத்தார். உள்ளே போட்டிருந்த சட்டையின் காலர் நைந்திருந்தது. படியிறங்கி வந்து எல்லாரோடும் தரையில் நின்றார்.

"அங்க நின்னு சொன்னா கடவுளே சொன்ன மாதிரி ஆயிடும். அதனால இறங்கிட்டேன். இது என் பேச்சு மட்டும்தான். ரயில் பாதையோரத்து வீடுகளை இடிப்பேன்னு சொல்றவருக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். அவர் என் மச்சான். தங்கமான மனுஷன், நான் நொடிஞ்சு கிடந்தப்போ கூட நின்னவர். இருந்தாலும் மாட்டேன். நீங்க யாருக்குப் போடணும்னு நான் சொல்லல."

மறுபடி மேலேறி அங்கியை மாட்டிக்கொண்டு, பாட்டை ஆரம்பிக்கச் சொல்லி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தம்பி எழுந்தான். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். பிறகு நடுவழியாக நடந்து வெளியே போனான். நான் வாசித்தேன். என்ன பாட்டு என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

சபைச் செயலாளர் அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "போதகரே, இது என்ன கட்சி மேடையா?"

"அதுக்குத்தானே கீழே இறங்கினேன்."

"அங்கி இல்லாட்டாலும் நீங்க போதகர்தான்."

வீடு வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார், எனக்குச் சொல்வது போலவும் தனக்குச் சொல்வது போலவும். சமையலறைக்குள் நுழைந்ததும், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? தினமும் கூடவே இருக்கறவதானே?" என்று கத்தினேன். அவர் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார்.

தம்பி ஜெயித்துவிட்டான். தகர வீடுகளில் பாதி போயிற்று. மீதியை இடிக்க வந்தபோது ஊர்க்காரர்கள் சிலர் குறுக்கே போய் நின்றார்கள், அவை தப்பின. எங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தம்பி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எப்போதாவது போனில் "நல்லா இருக்கியாக்கா" என்று கேட்பதோடு சரி.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிவிட்டார். இழுவையான பிரசங்கம் ஒன்றைக் கேட்க ஒருநாள் நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அப்போது சிரித்திருப்பேன். இப்போது சனிக்கிழமைகளில் சமையலைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன்.

போன மாதம் தம்பி வந்தான். தலை முழுக்க நரை, படியேறியதற்கே மூச்சு வாங்கியது. காப்பியை வாங்கி ஓரமாக வைத்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அவர் பேசப் போறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுடா."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எனக்குப் பொய் வராது என்பது அவருக்குத் தெரியும். இந்தக் கேள்வி ஒருநாள் வரும், அன்றைக்கு நான் நாக்குக் கூசாமல் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் அவர் அந்தச் சனிக்கிழமை என் பக்கம் வராமல் இருந்திருக்கிறார். நான் கத்தியபோதும் அதை வெளியே சொல்லவில்லை.

தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னான்: "எனக்கு அத்தான் மேல கோவமே இல்லக்கா. உன் மேலதான், தெரிஞ்சும் சொல்லலியேன்னு."

கிளம்பும்போது ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "எங்க, காலை நீட்டு" என்று நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவன் தடுமாறாமல் இருக்க என் தலையில் கையை ஊன்றிக்கொண்டான். "இறுக்காதக்கா" என்றான், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பையனின் அதே சிணுங்கலோடு. கனமான கை. ஒரு காலை முடித்துவிட்டு, அவசரமில்லாமல், நான் அடுத்த காலின் கயிற்றைக் கையில் எடுத்தேன்.