சும்மா சொல்லக் கூடாது

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே அவள் அந்த ஆவணப்படத்தை அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள்தான் போட்டுவிட்டது. கல்லூரியில் எல்லோரும் இதையே பேசுகிறார்களாம், பார்க்காதவர்கள் மனுஷர்களே இல்லையாம். அரசாங்கம் தன் சொந்த ஜனங்களின் வீடுகளுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவிகளை வைத்த கதை. வாத்தியார், வக்கீல், பத்திரிகைக்காரர் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் ஒரு மந்திரி வந்து, தப்பு செய்யாதவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயம்தானே என்றுதான் அவளுக்கும் தோன்றியது. நமக்கெதற்கு இந்த வம்பு என்று போர்வையை உதறி மடித்தாள்.

அப்புறம் ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. முகத்தைக் கறுப்பாக்கி, குரலைப் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் மாற்றியிருந்தார்கள். அந்தக் கருவிகளை மாட்டிய இலாகா ஊழியர்களில் ஒருவராம். "சும்மா சொல்லக் கூடாது," என்றது நிழல், "வேலை சுத்தமா இருக்கும். மாட்டின நாங்களே தேடினாலும் கிடைக்காது."

மகள் கெக்கேபிக்கே என்று சிரித்தாள். "அம்மா! இந்த ஆளு அச்சு அசல் அப்பா மாதிரியே பேசறான்!"

சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிப்பு நின்றுபோனது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா போர்வையைப் பார்த்தாள். படத்தை இருவரும் முழுசாகப் பார்க்கவில்லை.

அவள் புருஷனுக்கு அந்த வார்த்தை இல்லாமல் வாயே திறக்காது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, "சும்மா சொல்லக் கூடாது, குழாய்ல தண்ணி நல்லா வருது." காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரிடம், "சும்மா சொல்லக் கூடாது டாக்டர், ஊசி வலிக்கவே இல்ல." அவள் தம்பி அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'சும்மா மச்சான்'. ஆபீசில் யாரோ ஓய்வுபெற்ற விழாவில் பேசப் போய், வரிக்கு வரி அதைச் சொல்லி, வரிக்கு வரி கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தவர். என்ன வேலை என்று கேட்டால் மட்டும் "ஒயரிங்" என்பார். அவளும் அதற்குமேல் கேட்டதில்லை. கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றியது.

காய்கறிப் பையோடு வந்தவரைச் சமையலறைக்குள் இழுத்து, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். பேச்சு ஒட்டுக்கேட்கிறவர்கள் காதில் விழாமலிருக்கப் படத்தில் யாரோ அப்படிச் செய்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

"நீங்கதானே அது?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். "முகத்த மறைச்சிடறோம்னாங்க. குரலயும் மாத்திடறோம்னாங்க."

"குரல மாத்தினாங்க. பேச்ச யாரு மாத்துவா? உங்க சும்மாவ அங்கயும் கொண்டுபோய் வைக்கணுமா?"

"சொன்னேனா?" என்றார் அவர். சத்தியமாகத் தெரியவில்லை மனுஷருக்கு. அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"எதுக்குங்க நமக்கு இதெல்லாம்?"

"ஒரு வீட்டுல மாட்டப் போயிருந்தேன். கரண்டு ரிப்பேர்னு சொல்லித்தான் உள்ள போனோம். நான் ஸ்டூல் மேல ஏறி நிக்கறேன், அந்த வீட்டம்மா ஓடிவந்து ஸ்டூல பிடிச்சுக்கறாங்க. ஆடுது, பாத்து தம்பிங்கறாங்க. முடியறவரைக்கும் பிடிச்சிட்டே நின்னாங்க. கொஞ்ச நாள்ல அவங்க வீட்டுக்காரர போலீஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னும் திரும்பல." மூக்கை உறிஞ்சினார். "எனக்குச் சோறு இறங்கல."

இதற்குமேல் என்ன திட்டுவது? வந்த கோபமெல்லாம் பயமாகிவிட்டது. பேசிய பேச்சை இனி திருப்பி வாங்க முடியாது. அந்த ஒரு வார்த்தையையாவது அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டால் என்ன?

மறுநாள் காலையே பாடம் ஆரம்பமாகிவிட்டது. அவர் "சும்..." என்று எடுத்தால் போதும், கையிலிருக்கும் கரண்டியால் பாத்திரத்தில் டங்கென்று ஒரு தட்டு. அவர் கப்பென்று விழுங்கிக்கொள்வார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வருவார், டங். வெயில் குறைந்திருக்கிறது என்பார், அதற்கு முன்னாலேயே டங். கொஞ்ச நாளில் பாத்திரத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அந்த வார்த்தையோடு எதையாவது பாராட்டும் பழக்கமும் போயிற்று. தலையைக் குனிந்தபடி சாப்பிட்டு எழுந்து போனார். பார்க்கப் பாவமாக இருந்தாலும், அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது. மகள் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்ப்பதோடு சரி.

விடுமுறை நாளன்று காலிங் பெல் அடித்தது. வாசலில் புருஷனுடைய மேலதிகாரி. ஆபீசில் அவருக்குப் 'பூனை' என்று பெயர், வந்து நிற்பதே தெரியாதாம். இதுவரை இந்த வீட்டுப் படி ஏறாதவர், கையில் ஒரு பை பழத்தோடு நின்றார்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

நாற்காலியில் உட்கார்ந்து, சுவர், ஜன்னல், அலமாரி என்று நிதானமாகப் பார்த்தார். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"இவரு பேச்சே குறைஞ்சு போச்சும்மா இப்பல்லாம். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"தொண்டை கட்டியிருக்கு சார்."

"அதானா? முன்னெல்லாம் வாய்க்கு வாய் ஒண்ணு சொல்வாரே. அது இல்லாம எங்க செக்ஷனே வெறிச்சுன்னு இருக்கு. என்னது அது... நாக்கு நுனியிலயே நிக்குது, வரமாட்டேங்குது." அவள் புருஷன் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்களேன்."

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு திடுக்கென்றது. தப்பு செய்யாதவன் தன் பேச்சை எதற்கு விடப்போகிறான்? படம் வந்த கையோடு ஒருத்தர் வாயிலிருந்து அந்த வார்த்தை மட்டும் காணாமல் போனால், பச்சைப் பிள்ளைக்குக்கூட விஷயம் விளங்கிவிடாதா? கரண்டியால் தட்டித் தட்டி அவளேதான் புருஷனைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினாள். அவர் வாயைத் திறந்தார். கண் தானாக அவள் கையைத் தேடிப் போனது. வாய் மூடிக்கொண்டது.

"சும்மா சொல்லக் கூடாது அங்கிள்," என்று உள்ளேயிருந்து மகள் வந்தாள். "அப்பாவ விட நான்தான் அத நிறைய சொல்வேன். எங்க வீட்ல எல்லாருக்கும் இதே வியாதிதான். இல்லம்மா?"

மகள் தன் ஆயுளில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"ஆமா சார்," என்று அம்மா சிரித்தாள். "சும்மா சொல்லக் கூடாது, ஒட்டுவாரொட்டி மாதிரி ஒட்டிக்கிச்சு எங்களுக்கு." புருஷனும் சிரித்தார். மூன்று பேரும் தேவைக்குமேல் சிரித்தார்கள்.

பூனையும் சிரித்தார். "அதேதான்," என்றார். "அதேதாம்மா." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "டீ பிரமாதம்."

புருஷன் அவரை வழியனுப்ப வாசல்வரை போனார். மகள் அம்மாவின் தோளில் வந்து சாய்ந்தாள். தெருவில் கார் கிளம்பும் சத்தம் கேட்டபின்தான் அம்மா கோப்பையை எடுக்கக் குனிந்தாள். டீ வைத்தது வைத்தபடி விளிம்புவரை நிறைந்திருந்தது. மேலே ஆடை படர்ந்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது.