வெளிச்சவீட்டு டொக்டர்

சஞ்சீவன் மொட்டையடித்தது ஒரு குற்றமா? தகப்பன் வன்னியில் செத்துப்போனார் என்ற செய்தி மட்டும்தான் வந்தது. உடலும் இல்லை, கொள்ளி வைக்கவும் ஆளில்லை. மூத்த மகன் பாரிசிலாவது அந்தியேட்டிக் கிரியை செய்யத்தானே வேண்டும்? 2009 ஆனியில் செய்தான். தலைமயிரும் மீசையும் போயின. கூடவே கார்டும் உதவாமல் போகும் என்று அந்த நேரத்தில் யாருக்கு உறைத்தது!

கார்டு என்பது மச்சான் ஐங்கரனின் வதிவிட அட்டை. சொந்த அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு சஞ்சீவன் அதைக் காட்டித்தான் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினான். வெள்ளைக்காரருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகம்தான். அதற்காக கார்டுப் படத்திலுள்ள சுருட்டை முடிக்கும் மொட்டைக்கும் வித்தியாசம் தெரியாத குருடர்களா அவர்கள்? பிடிபட்டால் இவனுக்கு ஊருக்கு விமானம், ஐங்கரனுக்கு வழக்கு.

அந்தியேட்டி முடிந்த கிழமை ஒரு பின்னேரம், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ பெர்தொனே தெருவின் இரண்டு முனையிலும் பொலிஸ் நின்றது. சஞ்சீவன் கண்ணில் பட்ட முதல் கடைக்குள் பாய்ந்தான். அது யேசுரட்ணத்தின் வீடியோக் கடை. கலியாணக் கசெட்டுகளை டிவிடிக்கு மாற்றிக் கொடுப்பார். கசெட் முழுவதும் ஓடினால்தான் பிரதி விழும் என்பதால் அங்கே எந்நேரமும் யாருடைய தாலிகட்டாவது திரையில் இருக்கும். அன்று ஓடியது பேய்ப்படம்.

கதாநாயகனே முன்னால் ஸ்டூலில் இருந்தார். மேல்மாடியில் குடியிருக்கும் பிலிப், பிரான்சுக்குச் சொந்தமான மார்த்தினிக் தீவுக் கறுப்பர், எழுபதைத் தாண்டியவர். கறுப்பனைக் கதாநாயகனாகப் போட்ட முதல் பிரெஞ்சுப் பேய்ப்படம் இதுதான் என்று அவர் சொல்வார். இல்லையென்று மறுக்க அந்தத் தெருவில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. திரையில் இளம் பிலிப், கடலோர வெளிச்சவீட்டில் அடைபட்ட டொக்டர், கதவுக்கு மேசையை முட்டுக்கொடுத்தார். வெளியே பிணங்கள் தட்டின.

"அண்ணை, வெளியிலை பொலிஸ், உள்ளுக்குப் பேய். உந்தப் படத்தை நிப்பாட்டுங்கோ," என்றான் சஞ்சீவன்.

"நிப்பாட்டினா முதல்லயிருந்து போடோணும். பேசாமல் இரு."

யேசுரட்ணம் கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்தார். "ஐயோ, பக்கத்து நகைக்கடைக்குள்ளை பூந்திட்டாங்கள்! அடுத்தது இஞ்சைதான்."

"பின்கதவு இருக்கோ?"

"எலி போற ஓட்டையும் இல்லை."

சஞ்சீவன் மொட்டையைத் தடவிக்கொண்டான். பிலிப் என்னவென்று கேட்டார். யேசுரட்ணம் பிரெஞ்சில் சொன்னார். கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து ஏதோ சொன்னார்.

"தான் முன்னுக்குப் போறாராம்," என்றார் யேசுரட்ணம். "தன்னைக் கண்டா அவங்கள் வேறை ஒருத்தரையும் பாக்கமாட்டாங்களாம். அம்பது வருசமா அப்பிடித்தானாம். உன்னை அதுக்குள்ளை மெத்ரோவுக்குப் போகட்டாம்."

"படம் முடியேல்லையே?"

"முடிவு தனக்குத் தெரியுமாம். கதையிலை டொக்டர் சாகிறதெண்டுதான் எழுதினவையாம், தான் மாட்டன் எண்டு டைரக்டரோடை சண்டை பிடிச்சு உயிரோடை வெளியிலை வந்தவராம்."

பிலிப் பத்து அடி நடக்கவில்லை, இரண்டு பொலிஸ்காரர் மறித்தார்கள். அவர் அவசரப்படவேயில்லை. ஒரு பையிலிருந்து முகம் துடைக்கும் லேஞ்சி, மறு பையிலிருந்து மூக்குக்கண்ணாடி, மாத்திரைப் பெட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்தார். அடையாள அட்டை மட்டும் வருவதாயில்லை. பொறுமையிழந்தவர்கள் சுவரில் கைவைத்து நிற்கச் சொன்னார்கள். கிழவர் நின்றார். கடையை விட்டு இறங்கிய சஞ்சீவன் குனிந்த தலை நிமிராமல் அவர்களைக் கடந்தான்.

"மெஸ்யூ!"

சஞ்சீவன் நின்றான். பொலிஸ்காரரில் ஒருவன் பிலிப்பின் விலாவைத் தடவிக்கொண்டே கேட்டான். "நீரும் அந்தக் கடையிலிருந்துதானே வந்தீர்? இவரைத் தெரியுமா?"

அவ்வளவு பிரெஞ்சு சஞ்சீவனுக்கு விளங்கும். தெரியும் என்றால் அடுத்த கேள்வி கார்டு.

"நோன்," என்று இல்லையெனத் தலையாட்டினான். சொன்ன வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

சுவரிலிருந்து கையை எடுக்காமல் பிலிப் முகத்தை மட்டும் திருப்பினார். "அவர் சொல்வது சரி, மெஸ்யூ. என்னை யாருக்குத் தெரியும்?"

பொலிஸ்காரன் சிரித்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

சஞ்சீவன் போனான். திரும்பிப் பார்க்கத்தான் மனம் இழுத்தது. பார்த்தால் பிலிப்பைத் தெரிந்தவனாகிவிடுவான்.