ஜாக்குலின், சுனாபட்டி

1.

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை, அசைன்மென்டாகப் பிறந்தது. மும்பை சயானில் ஒரு மாடியறையில் மூன்று மாத வெப் டிசைன் வகுப்பு. சனிக்கிழமைதோறும் சாதியா மேடத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்: இந்த வாரம் என்ன கற்றேன், எங்கே தப்பு செய்தேன், அடுத்து என்ன செய்யப்போகிறேன். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு வாசித்துக்கொள்கிறேன் என்று மேடம் சொல்லியிருக்கிறார். பத்து வாரம் ஆங்கிலத்தில் எழுதினேன். பதினோராவது வாரத்தைத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் தப்பைத் தமிழில்தான் செய்தேன்.

என் பெயர் ஜெனிஃபர். வயது இருபத்திரண்டு. ஏழாவது வரை தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடம். என் வயசுக்காரர்கள் இங்கே தமிழில் பேசுவார்கள், தமிழில் சண்டை போடுவார்கள், வாசிக்கச் சொன்னால் மட்டும் நழுவிவிடுவார்கள். நான் வாசிப்பேன், எழுதவும் செய்வேன். அந்தத் திமிரில்தான் இத்தனையும் நடந்தது.

சஸ்பென்ஸ் எல்லாம் எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செம்பூரில் ஒரு பெரியவர் இனியும் சாப்பிடுவாரா, மாட்டாரா? அதுதான் கதை.

2.

முதல் தொடக்கம்: மும்பை மாநகரின் பரபரப்பான வாழ்க்கையில் மனிதர்கள்

[கைவிட்டேன். இப்படித் தொடங்குகிற எதையும் நானே இரண்டாவது வரிக்கு மேல் வாசித்ததில்லை.]

இரண்டாவது தொடக்கம்: விடியற்காலையில் முருகம்மாள் அக்கா அடுப்பைப் பற்றவைத்தபோது எழுந்த புகைக்கு நடுவே அவள் முகம்

[என்ன புகை? அக்காவிடம் இருப்பது கேஸ் அடுப்பு.]

சரி, உள்ளபடியே சொல்கிறேன். முருகம்மாள் அக்கா எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். ஐம்பது வயதிருக்கும். திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர். பெயரைச் சொன்னால் எனக்குத் தெரியவா போகிறது என்று சொல்ல மாட்டாள். ஒற்றை அறையில் நாற்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு கட்டுகிறாள். நாற்பதும் தாராவிக்குள்ளேதான். வெளியிலிருந்து ஒரு ஆளாவது தன் சோற்றைத் தேடி வந்து கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. எனக்கோ வகுப்பில் காட்ட ஒரு புராஜெக்ட் வேண்டும். அக்காவுக்கு ஒரு இணையதளம் போட்டுத் தருகிறேன் என்றேன். அதில் ஏறினால் இறங்க முடியுமா என்று கேட்டாள். கிண்டல்தான், ஆனால் மறுநாளே நல்ல சேலை கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

3.

இது தொழில்நுட்பப் பகுதி. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். [போகாதீர்கள். தப்பு இங்கேதான் இருக்கிறது.]

நான் எடுத்த டெம்ப்ளேட்டில் ‘சாப்பிட்டவர்கள் சொல்கிறார்கள்’ என்று ஒரு பகுதி. அதில் மூன்று பெட்டிகள். இரண்டுக்கு ஆள் கிடைத்தது. ஒருவர் ஜோசப்ராஜ் அண்ணன். எங்கள் சந்துதான், செம்பூரில் ஒரு கட்டடத்தில் செக்யூரிட்டி, ஆறு வருஷமாக அக்காவின் சாப்பாட்டு டப்பாதான். அவரைக் கேட்டதற்கு, இதுவரை வயிற்றுக்கு ஒன்றும் ஆனதில்லை என்றார். ‘சுத்தமான, ஆரோக்கியமான சமையல்’ என்று எழுதினேன். இன்னொருவர் தோல் பட்டறை கரீம் பாட்சா. டப்பா ஒரு மணிக்குள் வந்துவிடும் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. ‘நேரம் தவறாத சேவை.’*

மூன்றாவது ஆள் அகப்படவில்லை. யாரைக் கேட்டாலும் ‘நல்லாருக்கும்’ என்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பெட்டியைக் காலியாக விட்டால் போன் திரையில் முன்பல் விழுந்த மாதிரி இருந்தது. பெட்டியையே எடுத்திருக்கலாம், ஆனால் எப்படி எடுப்பது என்று எனக்கு அப்போது தெரியாது. [பொய். நாலாவது வாரமே தெரியும். மூன்று இருந்தால்தான் அழகு என்று நினைத்தேன்.]

எழுதித் தரும் கருவி ஒன்றைக் கேட்டேன். ‘பாரம்பரியச் சுவையின் உன்னத சங்கமம்’ என்று தந்தது. இப்படிப் பேசுகிறவள் எங்கள் சந்தில் ஒரு நாள் தாக்குப்பிடிக்க மாட்டாள். தள்ளு என்று நானே எழுதினேன்:

‘அம்மா போன பிறகு எனக்குச் சோறே இறங்கவில்லை. முருகம்மாள் அக்காவின் உளுந்தஞ்சோற்றை வாங்கின அன்றைக்குத்தான் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு அழுதேன். — ஜாக்குலின், சுனாபட்டி.’

ஜாக்குலின் என்று எனக்கு யாரையும் தெரியாது. என் அம்மா குத்துக்கல்லாட்டம் வீட்டில் இருக்கிறாள். உளுந்தஞ்சோறு எனக்குப் பிடிக்காது, நான் பாவ் ரொட்டி சாப்பிடுகிற ஜாதி. சுனாபட்டியைப் போட்டதற்குக் காரணம், அது ரயிலில் அடுத்த ஸ்டேஷன்: எங்கள் சந்தில் யாரும் போய் விசாரிக்காத அளவுக்குத் தூரம், நம்பாமல் இருக்க முடியாத அளவுக்குப் பக்கம். எழுதி முடித்து ஒரு தடவை வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

* இந்த இரண்டும் பொய்யா? அவர்கள் சொன்னதற்குச் சட்டை மாட்டிவிட்டேன், அவ்வளவுதான் என்று அப்போது வாதாடியிருப்பேன்.

4.

செம்பூரில் பாகீரதி என்று ஒருவர். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அவருடைய அப்பா கணேசபாண்டியன், துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து எட்டு மாதம். அதிலிருந்து அவருக்கு இரண்டு வாய்க்கு மேல் உள்ளே போவதில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். பாகீரதி விதவிதமாக வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். ஆள் இளைத்துக்கொண்டே போனார்.

ஒரு நாள் பாகீரதி ரயிலில் வரும்போது போனில் தேடியதில் அக்காவின் பக்கம் வந்திருக்கிறது. அவருக்குத் தமிழ் வாசிக்க வராது, மும்பையிலேயே பிறந்தவர். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் போனைக் கொடுத்திருக்கிறார். பெரியவர் வாசித்தார். மூன்றாவது பெட்டியை மறுபடியும் வாசித்தார். இந்தச் சோறு வேண்டும் என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஜோசப்ராஜ் அண்ணன் வேலைக்குப் போகிற வழியில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுபோய்க் கொடுத்தார். சாயங்காலம் காலி டப்பாவோடு வந்தார். தானே சமைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெரியவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லையாம் என்று சந்து முழுக்கச் சொன்னார். அக்கா டப்பாவை இரண்டு தடவை கழுவினாள். அடுத்த நாளிலிருந்து தினம் ஒரு டப்பா செம்பூர் போனது.

ஒன்பதாவது வாரப் பக்கத்தில் நான் ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: ‘உள்ளடக்கம் சரியான பயனரைச் சென்றடைந்தது.’ சாதியா மேடம் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்.

5.

அக்காவின் போனுக்கு இணையதளம் வழியாக ஒரு செய்தி வந்தது. அது அங்கே போகும்படி ஏற்பாடு செய்தவளும் நான்தான். அக்கா என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். பாகீரதி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன்: அப்பா தினமும் ஜாக்குலினைப் பற்றிக் கேட்கிறார். அந்தப் பெண் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று தெரிந்தாக வேண்டுமாம். அவள் நம்பர் கிடைக்குமா?

“எவ அது ஜாக்குலின்?” என்றாள் அக்கா. “சுனாபட்டிக்கு நான் டப்பாவே குடுத்ததில்லையே.” இணையதளத்தில் அவள் பார்த்தது தன் போட்டோவை மட்டும்தான்.

சொன்னேன். டெம்ப்ளேட், மூன்று பெட்டி, முன்பல் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லா இணையதளத்திலும் இப்படித்தான் போடுவார்கள் என்றும் சொன்னேன். அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கேஸை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, என் சோத்தத் திங்காதவ எப்படிட்டி என் சோத்தப் பத்திப் பேசுவா? தின்னவன் நாப்பது பேரு இருக்கான். அவன் நல்லாருக்குன்னு சொன்னா உனக்குப் போதாதா?”

அந்தப் பெரியவர் இதனால்தானே சாப்பிடுகிறார் என்றேன்.

“அவரு சாப்பிடணும். நான் இல்லேங்கல. ஆனா நீ போயி அவரு மககிட்ட உள்ளதச் சொல்லு. டப்பா நின்னா நிக்கட்டும்.”

வெளியிலிருந்து தேடி வந்த ஒரே ஒரு ஆளின் டப்பா. அதைத்தான் நிற்கட்டும் என்றாள். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிறது என்று வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டு போனேன். கோபமில்லை, வெட்கம்.

6.

ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகம்.

இதே ஜாக்குலினை நான் ஒரு சிறுகதையில் எழுதியிருந்தால் பாராட்டியிருப்பீர்கள். அம்மா செத்துப்போன பெண், ஒரு தட்டுச் சோறு, அழுகை. யாரும் அவள் நம்பரைக் கேட்டிருக்க மாட்டீர்கள். கதை என்றால் கதை என்று போர்டு மாட்டியிருக்கிறது, உள்ளே நுழைகிறவர் தெரிந்தே நுழைகிறார். பெரியவர் போர்டு இல்லாத கதவு வழியாக வந்தவர். என் தப்பை நானே ஆராய்ந்து கண்டுபிடித்தது இது. நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இது கண்டுபிடிப்பு மட்டும்தான், இதைக் கொண்டுபோய் அவர் தட்டில் வைக்க முடியாது.

[முருகம்மாள் அக்கா மட்டும் நிஜமா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்கிற நிலைமையில் இல்லை.]

7.

வெள்ளிக்கிழமை பாகீரதியின் ஆபீசுக்குக் கீழே டீக்கடையில் வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அச்சா. அப்ப அப்படி ஒரு பொண்ணே இல்ல.”

“இல்ல மேடம்.”

“உங்கம்மா?”

“இருக்காங்க.”

தலையை ஆட்டினார். திட்டினால் தேவலை என்று இருந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். “போன வாரம் அப்பா கேட்டப்ப, போன் பண்ணிட்டேன்ப்பா, அவ நல்லா சாப்பிடுறான்னு சொல்லிட்டேன். அன்னைக்குத்தான் ராத்திரியும் தட்டு வைன்னாரு. எட்டு மாசத்துல முதல் தடவ. நீ எழுதினது மூணு வரி. நாலாவது வரி என்னோடது.”

கிளாஸைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நாளைக்கு டப்பாவ நீ கொண்டு வா,” என்றார். “அவரு கேப்பாரு. நீயே பதில் சொல்லு. உண்மையோ பொய்யோ, நான் குறுக்க வர மாட்டேன். என்னால இத முடிக்க முடியல.”

8.

சனிக்கிழமை டப்பாவோடு ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைனில் செம்பூர் போகிற ரயில் ஏறினேன். ரயிலிலேயே போனில் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: நான்தான் ஜாக்குலின் என்று சொல்கிறேன். பெரியவர் என் தலையில் கை வைக்கிறார். இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். [எனக்கு உளுந்தஞ்சோறு பிடிக்காது என்பது ஒரு வாயிலேயே தெரிந்துவிடும். அதைவிட, என் அம்மாவை நான் சாகடிக்க வேண்டும். ஒரு தடவை எழுத்தில் செய்தாயிற்று. வாயால் செய்ய மாட்டேன்.]

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். பெரியவர் சிரித்து, பரவாயில்லை அம்மா என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார். [இது என் வசதிக்காக எழுதியது. சிரிப்பார் என்று யார் சொன்னது? தட்டைத் தள்ளிவிட்டால்?]

முடிவு மூன்று: சுனாபட்டியில் வண்டி நின்றபோது தோன்றியது. இந்த ஊரில் ஜாக்குலின் என்ற பெயரில் நாலு பேராவது இருப்பார்கள். அதில் ஒருத்திக்காவது அம்மா இருக்க மாட்டாள். இறங்கித் தேடிப் பிடித்து, டப்பாவைக் கொடுத்து, சாப்பிட வைத்து, பொய்யை உண்மையாக்கிவிட்டால் என்ன? சத்தியமாக எழுந்து கதவு வரைக்கும் போனேன். பிளாட்பாரத்தில் ஒரு பெண் கூந்தலை முடிந்துகொண்டு நின்றாள். நீ சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

9.

இரண்டாவது மாடி. பாகீரதி கதவைத் திறந்துவிட்டு, சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டார். பெரியவர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடம். டப்பாவைத் திறந்து தட்டில் நானே போட்டேன். துவையலை ஓரத்தில் வைத்தேன். இந்தச் சமையல்கார அம்மா வீட்டுப் பிள்ளையா என்று கேட்டார். அதே சந்து, அந்த இணையதளம் நான் செய்ததுதான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “அப்ப அதுல எழுதியிருக்க எல்லாரையும் உனக்குத் தெரிஞ்சிருக்குமே,” என்றார்.

பிறகு கேட்டார்.

“அந்தப் பிள்ள, சுனாபட்டிக்காரி. இப்ப ஒழுங்கா சாப்பிடுதாளா?”

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன், அவர் என்ன செய்தார் என்று இந்த இடத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். இப்போது இல்லை. சாதியா மேடம், மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். மூன்று வரி எழுதி ஒரு மனிதரை நம்ப வைத்தவள் நான். நான் எந்த முடிவை எழுதினாலும் நீங்கள் நம்பிவிடுவீர்கள், அந்த அளவுக்கு எனக்கு எழுத வரும். அதனால்தான் எழுதவில்லை.

ஆகவே நீங்கள் வாருங்கள். இப்படி, இந்த நாற்காலியில் உட்காருங்கள். ஜாக்குலின் இல்லை என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்கு அவர் படுகிற கவலை நிஜம் என்றும் தெரியும். பாகீரதி குறுக்கே வர மாட்டார். நானும் வர மாட்டேன். பெரியவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், தட்டில் இன்னும் கை வைக்கவில்லை.

சீக்கிரம் சொல்லுங்கள், சோறு ஆறுகிறது.