கண்டக்டருக்கு வந்த கிரேக்கம்

கண்டக்டருக்குக் கிரேக்க மொழி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்தது. பேச மட்டும்தான் வந்தது, படிக்க வரவில்லை. இறையியல் இளங்கலை முதலாண்டு வகுப்பில் அப்போது ஒன்பதாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான் என்ற வினைச்சொல் வரிசையைக் கரும்பலகையில் பார்த்து இருபத்திரண்டு பேர் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த கண்டக்டர் எழுந்து, பக்கத்தில் இருந்தவரிடம், "தள்ளி நில்லுய்யா, கூடையிலேர்ந்து தண்ணி சொட்டுது" என்று கிரேக்கத்தில் சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் தானே பயந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆசிரியைக்கு அது புரிய நான்கு நொடி ஆனது. முப்பது வருடமாக அவள் கற்றதும் கற்பித்ததும் தாளில் இருக்கும் கிரேக்கம். அது குளித்து, தலைவாரி, பொத்தான் போட்டுக்கொண்டு வரும் மொழி. இது மூக்கால் பேசியது, பாதிச் சொல்லை விழுங்கியது, மிச்சப் பாதியை எச்சிலோடு துப்பியது. பரீட்சைத் தாளில் மூன்று பக்கங்களுக்கு ஒரு பேனாவைக் காலி செய்வாள் என்பதால் மாணவர்கள் அவளுக்குச் சிவப்பு மை என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். யாரோ தன்னைக் கேலி செய்ய ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வகுப்பு முடிந்ததும் அவரை நிறுத்தி, எங்கே கற்றீர்கள் என்று கேட்டாள். "கத்துக்கல மேடம். காதுக்குள்ள ஒரு தெரு திறந்துடுச்சு. மீன் விக்கிற தெரு. அதுல நானும் ஒருத்தன் மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு நாற்பத்துமூன்று வயது. பத்தொன்பது வருடம் நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்துவிட்டு, ஊழியம் செய்ய வேண்டும் என்று வேலையை விட்டு வந்தவர். மீன் சாப்பிட்டால் அவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வரும்.

கல்லூரி அவரைச் சந்தேகப்பட்டது. ஆளுக்கொரு சந்தேகம். கூடப் படிப்பவர்கள் காதில் கருவி வைத்திருக்கிறார் என்று நினைத்து, குளியலறையில் அவர் தலையில் மூன்று வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் பேசச் சொன்னார்கள். அவர் நனைந்தபடியே ஒரு சந்தைத் தகராறு முழுவதையும் இரண்டு குரலில் பேசிக் காட்டினார். விடுதிக் காப்பாளர் இது கெட்ட ஆவி என்றார். எண்ணெய் வைத்து ஒரு வாரம் ஜெபித்ததில் கண்டக்டருக்குச் சளி பிடித்தது, கிரேக்கம் போகவில்லை. வேறு சபைக்காரர்கள் நம் கல்லூரியின் பெயரைக் கெடுக்க அனுப்பிய ஆள் என்று முதல்வர் சந்தேகப்பட்டார். நான்கு வியாழக்கிழமைகள் விசாரணை வைத்து, கடைசியில், "கத்திரிக்கா முத்தினா கடைக்கு வந்துதான் ஆகணும், பொறுத்துப் பார்ப்போம்" என்று கோப்பை மூடினார். கண்டக்டரின் மனைவி ஊரில் தையல்கடை வைத்திருந்தாள். சனிக்கிழமை வந்து அரைமணி நேரம் கேட்டுவிட்டு, "இது படிச்சு வந்த பேச்சு இல்ல. எந்தக் கடைக்காரி கத்துக் குடுத்தா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அவர் பேசும் நேரத்தில் வகுப்பறைச் சன்னலுக்குக் கீழே பூனைகள் வந்து உட்காருவதை யாரும் விசாரணையில் சேர்க்கவில்லை. எண்ணியவர்கள் ஏழு என்றார்கள்.

முதல் பருவத் தேர்வில் அவர் கிரேக்கத்தில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினார். எழுத்துகள் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கின்றன என்றார். சிவப்பு மைக்கு இதுவே பெரிய சந்தேகமாகப் போயிற்று. கெட்டிக்காரத் திருடன்தான் வேண்டுமென்றே கோட்டை விடுவான். அவள் பேருந்துப் பணிமனைக்குக் கடிதம் எழுதினாள். பதினொன்றாம் தடத்தில் பத்தொன்பது வருடம், ஒரே ஒரு புகார், அதுவும் நிறுத்தம் வருவதற்கு முன்பே தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பிவிடுகிறார் என்று, எனப் பதில் வந்தது. அவள் அதையும் நம்பவில்லை. ஒரு பிற்பகல், எல்லோரும் ஆராதனைக்குப் போயிருந்தபோது, வகுப்பறையில் அவருடைய மேசை இழுப்பறையை மாற்றுச் சாவி போட்டுத் திறந்து பார்த்தாள். ஒரு சீப்பு, தொண்டைக்கான மிட்டாய், பழைய டிக்கெட் கட்டின் அட்டை, மனைவி தைத்துக் கொடுத்த இரண்டு கைக்குட்டை. மூடும்போது பூட்டு சரியாக விழவில்லை. மறுநாளிலிருந்து கண்டக்டர் அந்த இழுப்பறையைப் பூட்டுவதில்லை. அவள் சிரமப்படக் கூடாது என்பது போல ஒரு விரற்கடை திறந்தே வைத்திருந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அவளுக்கு முகம் எரிந்தது. ஆனால் வெட்கம் வேறு, சந்தேகம் வேறு. ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை.

இரண்டாம் ஆண்டில் அவள் ஒரு பொறி வைத்தாள். கிரேக்க வேர் ஒன்றோடு கிரேக்க விகுதி ஒன்றைப் பொருத்தி, இல்லாத சொல்லொன்றை உண்டாக்கி, இதற்கு உங்கள் தெருவில் என்ன பொருள் என்று கேட்டாள். அவர் சிரித்தே விட்டார். "இப்படி ஒண்ணு கிடையாது மேடம். ஆனா நல்லாத்தான் கட்டியிருக்கீங்க, சொன்னா நாலு பேர் நம்புவாங்க" என்றார். மூன்றாம் ஆண்டில் வெளியிலிருந்து ஒரு முதிய அறிஞரை வரவழைத்தார்கள். மண்ணில் தோண்டியெடுத்த பழைய கடிதங்களையும் கடைச்சீட்டுகளையும் வாசிப்பது அவர் தொழில். அவர் கண்டக்டரோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். பேசினார் என்பதைவிட, கெளுத்தி மீன் ஒன்றுக்காகப் பேரம் பேசித் தோற்றார் என்பது சரி. வெளியே வந்து முதல்வர் அறையில் வெகுநேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "இலக்கணம் பூரா தப்பு. ஆனா எல்லாமே சரியான தப்பு. அந்தக் காலத்து எழுதத் தெரியாத ஜனங்க என்ன தப்பு பண்ணுவாங்களோ அதே தப்பு. அதுல ரெண்டு தப்பு போன மாசம்தான் எங்களுக்கே தெரிய வந்தது" என்றார். எல்லோரும் நிம்மதியானார்கள். சிவப்பு மை மட்டும் அந்த அறிஞரையும் சேர்த்துச் சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

காரணம் ஒரு சொல். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில், ஆகாரம் கேட்கும் வரியில், ஆகாரத்துக்கு அடையாக எபியூசியோஸ் என்று ஒரு சொல் வருகிறது. அன்றாட ஆகாரம் என்றார்கள், வேண்டிய ஆகாரம் என்றார்கள், ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொன்று எழுதினார்கள். உறுதியாகச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் அந்த ஜெபத்துக்கு வெளியே அந்தச் சொல் அநேகமாக எங்கும் கிடைப்பதில்லை. அது 'நாளைக்கான' ஆகாரம்தான் என்று நிறுவ சிவப்பு மை பதினாறு வருடம் செலவழித்து நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தாள். கண்டக்டருக்குக் கிரேக்கம் வந்த அன்றே, அந்த நான்காவது நொடியிலேயே, அவளுக்கு இது உறைத்துவிட்டது. தன் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒரு வாய்ச்சொல்லில் அந்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் பொட்டலம் மடிக்கிற காகிதமாக்கிவிடலாம். அதனால் அவள் எல்லாச் சொல்லையும் கேட்டாள், அதை மட்டும் கேட்கவில்லை. அந்த ஜெபம் பாடத்தில் வந்த வாரம் அவருக்கு நூலக வேலை கொடுத்து வெளியே அனுப்பினாள்.

அவளோடு ஒரே வீட்டில் இருந்த தங்கை மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மூன்று வருடமாக ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் கண்டக்டரைப் பற்றிக் கேட்டுச் சலித்துப்போனவள். "அந்த மனுஷன் பொய்யாவே இருக்கட்டும்க்கா. அந்த ஒரு வார்த்தையக் கேட்டுட வேண்டியதுதானே?" என்றாள் ஒருநாள். கேட்டால் அவர் ஏதாவது கட்டிவிடுவார் என்றாள் அக்கா. "கட்டினா உனக்கு நல்லதுதானே, கண்டுபிடிச்சுடுவ. மடியில கனம் இருக்கறவங்களுக்குத்தான் வழியில பயம்" என்று சொல்லிவிட்டுத் தங்கை எழுந்து கை கழுவப் போனாள். சிவப்பு மை ஏற்கெனவே கழுவிய டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள்.

நான்காம் ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது புத்தகத்தின் அச்சுப்படி வந்தது. பத்து நாளில் திருத்தி அனுப்பவில்லை என்றால் அப்படியே அச்சேறிவிடும். எட்டு நாள் அவள் காற்புள்ளிகளைத் திருத்தினாள். ஒன்பதாம் நாள் மதியம் மூன்று மணிக்கு விடுதியின் துணி தேய்க்கும் அறைக்குப் போனாள். கண்டக்டர் பட்டமளிப்பு விழாவுக்கான வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்று அந்தச் சொல்லைச் சொன்னாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள்.

"தெரியலயே மேடம்" என்றார்.

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

"எங்க தெருவுல இல்ல. யாரும் சொல்லிக் கேட்டதில்ல. இருங்க, விசாரிச்சுப் பார்க்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, தூரத்தில் இருப்பவர்களைக் கூப்பிடும் குரலில் கிரேக்கத்தில் கத்தினார். நிறுத்தினார். தலையாட்டினார். வேறு பக்கம் திரும்பிக் கத்தினார். யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கினார். அறையில் ஈரக் கூடையின் வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே இருந்தது. புகை வருவதை அவள் பார்த்தாள், எடுக்கத் தோன்றவில்லை. கண்ணைத் திறக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது.

"வெங்காயக்காரி தெரியாதுங்கறா. எண்ணெய்க்காரன், இது என்ன வெளியூர்ப் பேச்சான்னு கேக்கறான். ரொட்டி சுடறவன் மட்டும் கேட்டிருக்கானாம். அவன் கடைக்குப் பின்னாடி ஒரு வீட்டுல சில பேர் கூடி ஜெபம் பண்ணுவாங்களாம், அவங்க சொல்ற வார்த்தையாம் அது. அர்த்தம் என்னன்னு அவன் கேட்டதில்ல. பத்து பேர் இருக்கற வீடு, ரெண்டு ரொட்டி வாங்கிட்டுப் போவாங்க, அவ்வளவுதான் தெரியும்ங்கறான்." பிறகுதான் அவர் புகையைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கினார். சட்டையின் மார்பில் படகு வடிவத்தில் கறுப்பாகக் கருகியிருந்தது. "அந்த வீட்டுக் கதவையும் தட்டினேன் மேடம். ஆள் இல்ல" என்றார், மன்னிப்புக் கேட்பது போல.

சிவப்பு மை துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பொய்க்காரனாக இருந்தால் பதில் வைத்திருப்பான். நான்கு வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்று, அவளுக்குப் பிடித்த பதிலையோ அவளை ஒழித்துக்கட்டும் பதிலையோ எடுத்து நீட்டியிருப்பான். இந்த மனிதர் சட்டையைக் கருக்கிக்கொண்டு, தெரியவில்லை என்று வந்து நிற்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, இரண்டும் முடிந்ததும், "உங்க மேசையைத் திறந்து பார்த்தது நான்தான்" என்றாள். "தெரியும் மேடம். அந்த மிட்டாயில நீங்க ஒண்ணு எடுத்திருக்கலாம், உங்களுக்கு அன்னிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு" என்றார் அவர்.

அன்று மாலையே அவள் பதிப்பகத்துக்கு எழுதி முடிவுரையை நீக்கச் சொன்னாள். முப்பத்தெட்டு பக்கம் இருந்த இடத்தில், இச்சொல்லின் பொருள் இன்னும் தெரியவில்லை என்று ஒரு வரி வந்தது. அதற்கு ஓர் அடிக்குறிப்பு, பத்து பேருக்கு இரண்டு ரொட்டி என்ற செய்தியும், தகவல்: ரொட்டி சுடுபவர், கண்டக்டர் வழியாக, என்பதும். ஆதாரத்தின் பக்க எண் கேட்டுப் பதிப்பகம் கடிதம் போட்டது. பக்க எண் இல்லை என்று பதில் போட்டாள். அப்படியே அச்சிட்டார்கள். மதிப்புரை எழுதிய மூவரில் இருவர் அடிக்குறிப்பைச் சந்தேகப்பட்டார்கள், மூன்றாமவர் அந்த ரொட்டி என்ன தானியம் என்று விசாரித்து எழுதியிருந்தார். கோதுமை இல்லை, வாற்கோதுமை, என்று கண்டக்டர் கேட்டுச் சொன்னார்.

கண்டக்டர் கிரேக்க வாசிப்பில் மூன்று தடவை தோற்று, நான்காவது தடவை நாற்பத்தொன்று வாங்கித் தேறினார். நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய சபைக்கு அனுப்பினார்கள். சாதாரணமாகப் பிரசங்கம் செய்தார். கூட்டம் அதிகமானால் பின்பக்கம் நிற்பவர்களை உள்ளே நகரச் சொல்லி இரண்டு மொழியிலும் கத்தினார். வீட்டில் அவர் கிரேக்கத்தில் சலித்துக்கொண்டால் மனைவி கிரேக்கத்திலேயே வாயை மூடச் சொன்னாள். எந்தக் கடைக்காரி என்று கேட்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை நேர்காணலில் சிவப்பு மை எழுத்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி விண்ணப்பத்தை நீட்டிவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு, போன மாதத்திலிருந்து தனக்கு எபிரெயு மொழி வருவதாகவும், அது துணி துவைக்கிற பெண்கள் பேசுவது மாதிரி இருப்பதாகவும், வீட்டில் யாரும் நம்பவில்லை என்றும் சொன்னாள். எழுத்தர் பேனாவை உயர்த்திக்கொண்டு சிவப்பு மையைப் பார்த்தார். எழுதப் படிக்கவும் வருமா என்று அவள் கேட்டாள். வராது என்றாள் பெண்.

"பரவாயில்லம்மா. அதுக்குத்தான் நாலு வருஷம் இருக்கு" என்றாள் சிவப்பு மை. விடுதியில் குழாயடிக்குப் பக்கத்து அறை காலியாக இருந்தது. எழுத்தர் அந்த எண்ணைப் பெண்ணின் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.