பச்சை எரியும் வரை

என் தம்பிக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். பேசக் கற்ற நாளிலிருந்து வாய் மூடாதவன். வாத்தியார் வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், போகிறவர் வருகிறவரோடு பேசிக்கொண்டு நிற்பான். வளர்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போனான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எழுந்து ஓட முடியாது, அவனுக்கென்றே செய்த வேலை என்று நான் கிண்டல் செய்வேன். அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்த நோய் வந்தது. முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு. கடைசியில் கண்கள் மட்டும் மிச்சம். கடவுள் என்று ஒருத்தர் இருந்தால் அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. இப்போது அது வேண்டாம்.

கண்ணால் பேசும் கருவி ஒன்று வைத்திருந்தான். திரையில் எழுத்துகள் வரிசையாக இருக்கும். எந்த எழுத்தைப் பார்க்கிறான் என்று ஒரு கேமரா கண்டுபிடிக்கும். வாக்கியம் முடிந்ததும் கணினி அதைப் பேசும், அதுவும் அவன் குரலிலேயே. நாக்கு குழறத் தொடங்கியபோதே முன்யோசனையாகக் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தான். அந்த மென்பொருளைச் செய்த கம்பெனி பிறகு இழுத்து மூடிவிட்டுப் போனது. பழைய கணினியும் செத்தது. புதியதில் அந்த மென்பொருள் ஏறவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. அங்கேதான் நான் வந்து சேர்ந்தேன்.

கணினிக்குள் கணினி செய்வது என் தொழில். வெளியே புதிய கணினி. அதன் வயிற்றுக்குள் பழைய கணினி ஒன்று ஓடுவதாகப் பாவனை. உள்ளே இருப்பதற்குத் தான் உள்ளே இருப்பது தெரியாது, தானே ராஜா என்று நினைத்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு ராஜாவைச் செய்து அவனுடைய குரலை அதற்குள் குடிவைத்தேன். கட்டிலில் ஒரு கேமரா, சக்கர நாற்காலியில் ஒரு கேமரா, இரண்டுக்கும் ஆளுக்கொரு சின்னப் பெட்டி. பெட்டியில் ஒரு பட்டன், ஒரு விளக்கு; கேமரா ஓடும்போது சிவப்பு எரியும், பட்டனை அமுக்கி அது விடுபட்டால் பச்சை. அவனை இடம் மாற்றும்போதெல்லாம் ஒன்றைப் பிடுங்கி மற்றொன்றைச் செருக வேண்டும், கணினியை அணைக்காமலே. வினை அதில்தான் வந்தது.

கேமராவைச் செருகினால் வெளிக்கணினி தன் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கி, இதுதான் கேமராவின் முகவரி என்று உள்ளே சொல்லும். எடுப்பதற்கு முன், அந்த முகவரியை விட்டுவிட்டாயா என்று உள்ளே கேட்க வேண்டும். விடுவதற்கு முன்பே ரத்து செய்துவிட்டால், இடித்துப்போட்ட வீட்டின் மாடிப்படியில் கால் வைத்தவன் மாதிரி உள்ளே இருப்பது தலைகுப்புற விழும். என் தம்பியின் கணினி தினம் ஒரு தடவையாவது அப்படி விழுந்தது. திரை நீலமாகிவிடும். திரும்ப எழுப்பி, அவனைப் புள்ளி புள்ளியாகப் பார்க்கவைத்து, கேமராவுக்கு அவன் கண்ணைப் பழக்க வேண்டும். அதற்குள் அவன் சோர்ந்து போவான். சொல்ல வந்தது போனது போனதுதான்.

எப்போதாவது சரி செய்யலாம் என்று விடவும் வழியில்லை. நுரையீரல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அவனுக்கு எதிரிலேயே உடைத்துச் சொன்னார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கத் தெரியாது.

"மூச்சு குறைஞ்சுக்கிட்டே வருது. கழுத்துல குழாய் வச்சு மெஷின்ல போட்டா வருஷக்கணக்குல இருக்கலாம். வேண்டாம்னா மாசக்கணக்குதான். நீங்களே யோசிச்சு சொல்லுங்க, அடுத்த வாரம் வர்றேன். கண்ணைச் சிமிட்டினாக்கூட போதும்."

அவன் எழுத்து எழுத்தாகப் பார்த்தான். எங்கள் வீட்டு ரேடியோ பேசியது. "கண்ணச் சிமிட்டுறது பொண்ணு பாக்கத்தான் டாக்டர். உயிர் விஷயத்த வாயால சொல்றேன். அக்கா மெஷின சரி பண்ணட்டும்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயை மட்டும் நான் சரி செய்து கொடுத்துவிட்டால், குழாய் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவான், பிழைத்துவிடுவான் என்று நம்பினேன். வேறு பதில் வரக்கூடும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அவ்வளவு முட்டாள் நான்.

அலுவலகத்தில் அதே மாதிரி ஒன்றைக் கட்டி, நாள் முழுவதும் தானாகவே கேமராவைச் செருகி எடுக்கும்படி நிரல் எழுதி ஓடவிட்டேன். அசையவில்லை, குத்துக்கல் மாதிரி நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் விழுகிறது. கேபிளை மாற்றினேன். பெட்டியை மாற்றினேன். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. யார் மேலாவது பழியைப் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்கிற நிலை. அகப்பட்டவன் பயில்வான். என் தம்பியைத் தூக்கி இறக்க வைத்திருக்கும் ஆள். ஊதினால் பறந்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். ஆனால் பூவைத் தூக்குகிற மாதிரித் தூக்குவான்.

"நீ வெடுக்குன்னு பிடுங்குறியா?"

"இல்லக்கா. நீங்க சொன்னபடிதான். பட்டன அமுக்குவேன். சிவப்பு போயி பச்சை எரிஞ்சதும் எடுப்பேன்."

"பொய் சொன்ன, பாத்துக்க."

"பக்கத்துல உக்காந்து பாருங்கக்கா," என்றான். கோபப்படக்கூட இல்லை.

மறுநாள் விடுப்பு எடுத்து, காலையிலேயே போய் அறை மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தம்பியின் மனைவி மருந்துக்கடை நடத்துகிறாள். தோளில் பை, கையில் கடைச் சாவி, ஒரு காலில் மட்டும் செருப்பு. அவன் கட்டிலில் சாய்ந்து எழுதிக்கொண்டிருந்தான். பயில்வான் பட்டனை அமுக்கிவிட்டுக் காத்திருந்தான். திரையில் "ராத்திரி மழை வந்தப்போ நீ" என்று இருந்தது.

"ஆமாங்க, ஜன்னல சாத்த மறந்துட்டேன். இன்னைக்கு சாத்திடுறேன்," என்று அவள் குனிந்து அவன் போர்வையை விலக்கினாள். பச்சை எரிந்தது. பயில்வான் கேபிளை எடுத்தான், அவனைத் தூக்கி நாற்காலியில் வைத்தான், அந்தப் பக்கத்துக் கேபிளைச் செருகினான். திரை நீலமானது. அவளும் பயில்வானும் ஒரே மாதிரிப் பெருமூச்சு விட்டார்கள், தினமும் விடுகிற பெருமூச்சு அது. ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான்.

நான் முக்காலியை விட்டு எழுந்தேன். "யாரும் எங்கயும் போகக் கூடாது. அவன் இன்னும் முடிக்கல," என்றேன்.

"அண்ணி, கடைக்கு நேரமாச்சு..."

"ஆகட்டும்."

கணினியை எழுப்பி, அவன் கண்ணை மறுபடியும் பழக்கினேன். விட்ட இடத்திலிருந்து எழுதச் சொன்னேன். முதலில் முறைத்தான். பிறகு எழுதினான். அவனுடைய குரல் நிதானமாகச் சொன்னது: "ராத்திரி மழை வந்தப்போ நீ தூக்கத்துல சிரிச்ச. அழகா இருந்துச்சு."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் கடை திறக்க நேரமானது.

பிழை எனக்குப் புரிந்துவிட்டது. அவன் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது உள்ளே இருக்கும் கணினி கேமராவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விட்டாயா என்று கேட்டால் பதில் சொல்லாது. பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? யாருக்காகவும் முடிவில்லாமல் காத்திருக்காதே என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. நானும் ஐந்து நொடி என்று எழுதிவைத்திருந்தேன். அதற்குள் பதில் இல்லையென்றால் விட்டதாகக் கணக்கு, பச்சை எரியட்டும். என் தம்பிக்கு ஓர் எழுத்தைத் தேடிப் பிடிக்கவே சில சமயம் அவ்வளவு நேரம் ஆகும். அலுவலகத்தில் யாரும் பேசாத கணினியில் கேமராவைச் செருகி எடுத்தேன், அது கேட்டவுடன் விட்டது. வீட்டில் அவன் பேசிக்கொண்டிருந்தான். பயில்வான் மேல் தப்பே இல்லை, அந்தப் பச்சை விளக்குத்தான் பொய் சொன்னது. எழுதியவள் நான்.

திருத்தம் ஒரே வரி. ஐந்து நொடியை அழித்தேன். எவ்வளவு நேரமானாலும் சரி, உள்ளேயிருந்து பதில் வரும்வரை காத்திரு. அலுவலகத்தில் இப்படி எழுதிக் கொடுத்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதன் பிறகு கணினி விழவே இல்லை. ஆனால் வீட்டில் அவனுடைய ராஜ்ஜியம் தொடங்கிவிட்டது. சிவப்பு எரிந்தால் யாரும் அவனைத் தொட முடியாது. அது தெரிந்ததும், ஒரு வாக்கியம் முடிந்து பச்சை வருவதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிடுவான். பயில்வான் அவன் அக்குளில் கையைக் கொடுத்தபடி கை மரத்துப்போய் நிற்பான்.

"சார், போதும் சார். தூக்கிடுறேன்."

"சிவப்புல வண்டிய எடுத்தா லைசென்ஸ் கேன்சல்."

மாதக்கணக்கில் அவனுடைய ஒரு வாக்கியத்தைக்கூட நாங்கள் முழுசாகக் கேட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தொடக்கத்தை எட்டிப் பார்ப்போம், மிச்சத்தை நாங்களே நிரப்பிக்கொள்வோம். தண்ணீரா, தலையணையா, வலிக்குதா. அவனுடைய குறும்பெல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கும், அதை வெட்டி எறிந்துகொண்டிருந்தோம். முதுகு அரிக்கிறது என்று தொடங்கிய ஒன்று, முதுகு அரிக்கும்போதெல்லாம் என்னிடம் கார் கற்க வந்து பிரேக்குக்குப் பதில் வைப்பரைப் போட்ட ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார் என்று போய் முடிந்தது. நான் சிரித்துச் சிரித்து அழுதேன். பழைய ரேடியோ திரும்பி வந்துவிட்டான் என்று உள்ளுக்குள் ஒரே ஆட்டம் எனக்கு. இவ்வளவு பேச்சு மிச்சம் இருக்கிறவன் எப்படி வேண்டாம் என்பான்?

சொன்னபடி டாக்டர் வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"யோசிச்சீங்களா?"

அவன் எழுதத் தொடங்கினான். முடித்ததும் பச்சை எரியட்டும் என்று நான் பட்டனை அமுக்கிவிட்டேன். யாரும் திரையைப் பார்க்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தான். அதனால் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டரின் போன் அடித்தது, எடுக்காமல் அமர்த்தினார். தம்பியின் மனைவி அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கானால் இருப்புக் கொள்ளவில்லை. சரின்னு சொல்லிட்டு அப்புறம் விளக்கம் சொல்லேண்டா என்று வாய் வரை வந்தது.

"டாக்டர்," என்றது அவன் குரல். "கார்ல கத்துக் குடுக்குறப்ப என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும். வண்டிய யார் ஓட்டினாலும் எனக்கு பயம் இருந்ததில்ல. இப்பவும் வண்டிய நீங்கல்லாம்தான் ஓட்டுறீங்க. நல்லாவே ஓட்டுறீங்க. ஆனா பிரேக் என் காலுக்குக் கீழயே இருக்கட்டும். குழாய் வேண்டாம்."

நான் திரும்பினேன். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, வாயத் திறக்காத. இன்னும் முடிக்கல." எழுதிக்கொண்டே இருந்தான். அந்த அறையில் நேரம் நகரவே இல்லை. "இவ தூக்கத்துல சிரிக்கிறவ. மூச்சு மெஷின் சத்தத்துல இவளால தூங்க முடியாது. எனக்கு அது கேக்கணும், கடைசி வரைக்கும்."

பச்சை எரிந்தது. டாக்டர் அவன் கையைத் தொட்டுவிட்டு, "சரி," என்றார். 

அவர் படியிறங்கியதும் நான் கத்தினேன். நோயாளி என்றும் பார்க்கவில்லை.

"இதுக்காடா ராப்பகலா உக்காந்து சரி பண்ணேன்? இதச் சொல்லத்தானா?"

கேமராவைத் திரும்பச் செருகிய பிறகுதான் அவனால் பதில் எழுத முடிந்தது. "நீ சரி பண்ணலன்னா, எனக்கு பதிலா நீயே சரின்னு சொல்லிருப்ப."

"ஆமா. சொல்லிருப்பேன்."

"தெரியும்க்கா."

அந்தப் பிழையை அப்படியே விட்டிருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இன்றைக்கும் சில சமயம் நினைக்கிறேன். கணினி விழுந்து அவன் வாக்கியம் பாதியில் நின்றிருக்கும், மீதியை எனக்குப் பிடித்தபடி நான் நிரப்பியிருப்பேன், அவன் இருந்திருப்பான்.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான். தூக்கத்தில், அவள் பக்கத்தில். அதற்கு முன் நிறையப் பேசினான். ஒரு வாக்கியத்தைக்கூட நாங்கள் வெட்டவில்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணி, அந்த மெஷின எடுத்துடுங்க. சிவப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. என்னால பாக்க முடியல."

போனேன். பயில்வானும் வந்திருந்தான், பழக்கத்தில் கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றான். படுக்கை விரிப்பை மாற்றிச் சுருக்கமில்லாமல் போட்டிருந்தார்கள். கேமரா காலியான தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பட்டனை அமுக்கினேன். எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று நான்தான் எழுதியிருந்தேன். காத்திருக்கத் தயாராக, முக்காலியைக்கூட இழுத்துப்போட்டிருந்தேன்.

உடனே பச்சை எரிந்தது.

மூன்று பேரில் யாரும் கேபிளைத் தொடவில்லை.