வருகைத் தாளில் ஒரு கையெழுத்து

ஊரே ஊசியக்கா என்று கூப்பிடும் தையல்காரிக்கு அன்று காலை ஒன்பது மணிக்கே பொறுமை போய்விட்டது. நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் பேச்சுவார்த்தை, மற்றதில் பயிற்சி. பேச்சுவார்த்தைக்கென்று தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டவள் பயிற்சி அறையில் உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். மூன்று வருடச் சண்டையில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு படையும் அந்தப் பக்கம் ஒரு படையும் நின்றுவிட்டன. நடுவில் ஒரு பாலம், பாலத்தில் ஒரு கேட். மாலை ஆறு மணிக்குச் சாத்தினால் மறுநாள் காலை ஆறுக்குத்தான் திறக்கும். பிரசவ ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். ஊசியக்காவின் மகள் நிறைமாதமாக இந்தப் பக்கம். நாள் இந்த வாரமோ அடுத்த வாரமோ. வலி கடிகாரம் பார்த்தா வரும்?

துப்பாக்கிகள் ஓய்ந்து ஆறு வாரம் ஆகிறது. பாலத்தைப் பற்றிய ஒப்பந்தத்தில் இரு தரப்பும் இன்று மதியம் கையெழுத்திடுவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தது சர்வதேச அலுவலகம். மேசையில் பெண்களுக்கு ஓர் இடம் உண்டு என்று அவர்கள் சொன்னபோது, பெண்கள் குழு இரண்டு கூட்டம் போட்டு ஊசியக்காவைத் தேர்ந்தெடுத்தது. வாயைத் திறந்தால் குத்தும் என்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயரே. பிறகு ஒரு கடிதம் வந்தது. மேசையில் உட்காரும் முன் பெண் பிரதிநிதி ஒருநாள் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமாம். பயிற்சித் தேதியைப் பார்த்தால், பேச்சுவார்த்தை நடக்கும் அதே நாள். நீந்தக் கற்றுக்கொண்டுதான் ஆற்றில் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆற்றை அதற்குள் வற்ற வைத்துவிடுகிற ஏற்பாடு.

ஒருங்கிணைப்பாளப் பெண்ணிடம் இதைக் கேட்டாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓடிக்கொண்டே இருந்த அந்தச் சின்னப் பெண், தேதியை மாற்றச் சொல்லித் தலைமையகத்துக்கு மூன்று முறை எழுதியதாகச் சொன்னாள். பேனர் அச்சாகிவிட்டது என்று பதில் வந்ததாம்.

பேனர் உண்மையிலேயே அழகாக இருந்தது. ‘அமைதி மேசையில் பெண்களின் குரல்’ என்று போட்டிருந்தது. அதன் பின்னால் இருந்த சுவர் மெல்லியது. அதன் வழியாக ஆண்களின் குரல் தெளிவாகக் கேட்டது.

பத்தரைக்கு ஆளுக்கொரு மஞ்சள் தாளைக் கொடுத்து, உங்கள் கனவை எழுதுங்கள் என்றார்கள். பக்கத்தில் இருந்த நர்ஸம்மா, ஊரில் பாதிப் பேரைப் பிறந்தபோது தன் கையில் வாங்கியவர், கனவு காணத் தூங்க வேண்டுமே என்று முணுமுணுத்தார். ஊசியக்கா ஒரே வரி எழுதினாள்: பிரசவ வலி வந்தால், எந்த நேரமானாலும் கேட் திறக்க வேண்டும்.

ஒருங்கிணைப்பாளப் பெண் அதைப் படித்து, ரொம்ப நல்லா இருக்கு என்று பாராட்டிச் சுவரில் ஒட்டினாள்.

“அந்தப் பக்கம் ஒட்டணும்மா இது,” என்றாள் ஊசியக்கா.

 அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. அவளைக் குத்தியிருக்க வேண்டாமோ என்று ஊசியக்காவுக்குத் தோன்றியது. ஆனால் வேறு யாரைக் குத்துவது? அடுத்த அறைக்குள் விட மாட்டேன் என்கிறார்களே.

பிறகு ஒரு மணி நேரம் கண்ணை மூடி மூச்சு விடப் பழகினார்கள். ரொட்டிக்கடைக்காரி மட்டும் கண்ணை மூடவில்லை. போன வருடம் அந்தக் கேட்டுக்கு முன்னால் தள்ளுவண்டியில் பிரசவ வலியோடு விடியும்வரை கிடந்தவள் அவள். கேட் திறந்தது. குழந்தை தங்கவில்லை.

பன்னிரண்டே காலுக்கு ஒருங்கிணைப்பாளப் பெண் ஒரு தாளோடு வந்தாள். பேச்சுவார்த்தையின் வருகைத் தாள். இரண்டு தளபதிகளும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது கட்டம், பெண் பிரதிநிதி, காலியாக இருந்தது. அது நிரம்பாவிட்டால் தலைமையகம் ஒப்பந்தத்தை ஏற்காது, பாலத்தைச் சீரமைக்கும் வேலையும் தொடங்காது என்று விளக்கிவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

“நான் அங்க உட்காரவே இல்லையே.”

“ஒரே மாடிதானேக்கா,” என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

ஊசியக்கா பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். மறுபடி மூடி மேசையில் வைத்தாள். சுவரில் இருக்கிற மஞ்சள் தாளை எடுத்துப் போய், அதில் உள்ளதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள்.  அந்தப் பெண் தாளைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு போனாள்.

 அவள் போனதும் நர்ஸம்மா ஊசியக்காவின் அருகே குனிந்து, நியாயம் உன் பக்கம்தான், ஆனால் இதைச் சாக்கு வைத்து அவர்கள் எழுந்து போய்விட்டால் பழி நம் தலையில்தான் விழும் என்றார். ஊசியக்காவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரமாகப் பிள்ளைகள் தெருவில் விளையாடுகின்றன. தன் மகளுக்காக ஊரைப் பணயம் வைக்கிறோமா? போட்டுவிடலாம் என்று கை பேனாவைத் தேடியது.

பேனா அங்கே இல்லை. ரொட்டிக்கடைக்காரி அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அன்று முழுவதும் அவள் பேசிய ஒரே வாக்கியத்தையும் அப்போதுதான் சொன்னாள்.

“அவங்க எழுதட்டும். அப்புறம் தரேன்.”

கால் மணி நேரத்தில் இரண்டு தளபதிகளும் வந்தார்கள், செயலாளர் கோப்போடு பின்னால். காலையில் இருந்து ஒன்றாக நடக்காதவர்கள், பெண்களின் அறைக்கு மட்டும் ஒன்றாக வந்தார்கள். மூச்சுப் பயிற்சிக்காக வட்டமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் வேறு வழியின்றி உட்கார்ந்தார்கள்.

இந்தப் பக்கத்துத் தளபதி, இது பாதுகாப்பு விஷயம், உங்களுக்குப் புரியாது என்று தொடங்கினார். அந்தப் பக்கத்தவர் தலையாட்டினார். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

“சார், உங்க ரெண்டு பேர் யூனிஃபார்மும் நான் தைச்சதுதான். சண்டை தொடங்கினப்ப இடுப்பு முப்பத்தி நாலு. போன மாசம் நாற்பதுக்குப் பிரிச்சு விட்டேன். ரெண்டு பேருக்கும். இந்தச் சண்டையில யாருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குப் புரியாதா?”

நர்ஸம்மா இருமி, சிரிப்பை விழுங்கினார். அந்தப் பக்கத்துத் தளபதி சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அதன்பின் பேரம். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் திறக்கலாம் என்றார் ஒருவர். சான்றிதழ் தரும் டாக்டர் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்றார் நர்ஸம்மா. முன்னறிவிப்பு வேண்டும் என்றார் மற்றவர். பிள்ளைக்குச் சொல்லிவைக்கிறோம் என்றாள் ஊசியக்கா. செயலாளர் எழுதினார், அடித்தார், எழுதினார். கடைசியில் மிஞ்சியது மஞ்சள் தாளில் இருந்த அதே வரி. ரொட்டிக்கடைக்காரி அதை இரண்டு முறை படித்துவிட்டு ஜிப்பைத் திறந்தாள்.

ஒன்றேகாலுக்கு, தளபதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், ஊசியக்கா வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘பார்வையாளர்’ என்று இருந்ததைக் கவனித்தாள். அந்தச் சொல்லை ஒரே கோடாக அடித்தாள். ஒருங்கிணைப்பாளப் பெண் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டு, கேட்காமலே ஒப்பந்தத்துக்கு ஒரு நகல் எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பயிற்சி நாலு மணிவரை, பாதியில் போனால் சான்றிதழ் கிடைக்காது என்பதையும் கடமைக்குச் சொன்னாள். அதை உன் பெயருக்கே எழுதிக்கோ என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு ஊசியக்கா படியிறங்கினாள்.

தளபதிகளின் உத்தரவு பாலத்துக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகலாம். அவள் அரை மணியில் போய்ச் சேர்ந்தாள். கேட் காவலாளி, தனக்கு எந்த உத்தரவும் வரவில்லை என்றான்.

“வந்திருக்கே,” என்று நகலை நீட்டினாள்.

அவள் விரல் வைத்துக் காட்டிய வரியை அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு நிமிர்ந்து, யாருக்கு வலி என்று சுற்றும் முற்றும் பார்த்தான்.

“யாருக்கும் இல்ல தம்பி. வலி வர்றப்ப நீ இதைப் படிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. இப்பவே முழுசாப் படிச்சு முடி.”

அவன் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினான். அவள் அவனுடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள்.