பாட்டுப் போடாமல் வாங்கிய ஸ்பீக்கர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பாவித்த கணினிச் சாமான் விற்கும் கடை. ஸ்பீக்கர் வாங்கப் போயிருந்தேன். தவக்காலம். இந்த ஆண்டு முஸ்லிம்களின் நோன்பும் அதே கிழமையில்தான் தொடங்கியது. ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். நோன்பு நேரம் பாட்டுப் போடுவதில்லை என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற பெண், தவக்காலத்தில் தானும் பாட்டுக் கேட்பதில்லை என்றாள். மூன்று பேரும் பேசாத பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

வாங்காமல் வந்தவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆகவே அந்தப் பெண்ணைக் கடையில் விட்டுவிட்டு வந்தேன். அன்ரோனெற் என்று பெயர் வைத்தேன். அவளுடைய உண்மைப் பெயர் தெரியாது. ஊரும் தெரியாது. பேசாலை என்று போட்டுக்கொண்டேன். இனி இந்தக் கதைக்குள் நான் வரமாட்டேன். [வருவேன்.]

2

தொடக்கங்கள்:

அன்ரோனெற் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கடற்காற்று அவளுடைய —

வேண்டாம். மன்னாரில் காற்று எல்லோர் மேலும்தான் வீசுகிறது.

நல்ல ஸ்பீக்கர் என்பது தன்னிடம் கொடுக்கப்பட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் —

இது கட்டுரை.

"அது நானில்லை" என்றார் அமிர்தநாயகம்.

இது இருக்கட்டும்.

"அது நானில்லை" என்றார் அமிர்தநாயகம். 'என்றார்' என்பது சரியான சொல்லல்ல. தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தபிறகு அவருக்குக் காற்று மட்டும்தான் வருகிறது. உதட்டைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும். அன்ரோனெற் அவருடைய மகள். பார்த்துக் கேட்கப் பழகியிருந்தாள்.

பெரிய வெள்ளிக்கிழமை, இறந்த ஆண்டவரின் சுரூபத்துக்கு முன்னால் பாடும் புலம்பலை ஊர்க் கோயிலில் அவர்தான் பாடிவந்தார். வாத்தியம் கிடையாது. கனத்த குரல் ஒன்று மட்டும். அந்தப் புலம்பலை வீட்டுக்குள் வாய்விட்டுப் பாடக்கூடாது. பாடினால் அது சாவீடு என்பார்கள். அமிர்தநாயகம் பழகுவதற்குக் கடலுக்குப் போவார். வலையைப் போட்டுவிட்டு வள்ளத்தில் இருந்து பாடுவார்.

குரல் போனபிறகு, கோயிலில் எப்போதோ எடுத்த பதிவு ஒன்றைப் போடலாம் என்றார் ஃபாதர். பதிவு எடுத்த அன்று கரண்ட் இல்லை. குரலோடு சேர்ந்து ஜெனரேட்டரும் இரைந்தது. தகவல் நிலையம் ஒன்றில் போட்டோப்பிரதி எடுக்கும் வேலை பார்த்த அன்ரோனெற், அந்த இரைச்சலைத் தான் நீக்கித் தருவதாகச் சொன்னாள். வீட்டில் சத்தமாகப் போட முடியாது. ஆகவே கைத்தொலைபேசியில், இயர்போனை மாட்டிக்கொண்டு வெட்டினாள். காதுக்குள் எல்லாம் சரியாக இருந்தது.

போன தவக்காலத்தில், ஒத்திகையின்போது கோயில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். இரைச்சல் போயிருந்தது. அதோடு குரலின் அடியும், அந்தக் கனமும், போயிருந்தது.

"என்னடி மச்சாள், மாமாவைத் தகரப் பேணிக்குள்ள இருத்திப் பாடவிட்டனியோ?" என்றான் கொலின்ஸ். அவள் மாமியின் மகன். பாடகர் குழுவில் இருப்பவன். எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தநாயகம் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்து உதட்டை அசைத்தார். என்ன சொன்னார் என்பதை முன்பே எழுதிவிட்டேன். அந்த வருடம் கொலின்ஸ் பாடினான்.

இந்த வருடம் ஃபாதர் மறுபடியும் கேட்டார். அமிர்தநாயகம் ஓம் என்றால் பதிவைப் போடலாம். இல்லையென்றால் இனி எப்போதும் கொலின்ஸ்தான்.

"கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" என்றது அமிர்தநாயகத்தின் உதடு.

ஆகவே அன்ரோனெற்றுக்கு, உள்ளதை உள்ளபடி சொல்லும் ஸ்பீக்கர் வேண்டியிருந்தது. புதிது அவளுக்குக் கட்டாது.

3

கடைக்காரருக்கு நவ்ஷாத் என்று பெயர். சிலாவத்துறைக்காரர். கொழும்பில் மூடிய கம்பனிகளின் கந்தோர்ச் சாமான்களை ஒரேயடியாக ஏலத்தில் எடுத்து வருபவர்.

"வாங்க அக்கா. என்ன பாக்குறீங்க?"

"கீபோர்ட் ஒண்டு."

"கீபோர்ட் அங்கால இருக்கு. நீங்க பாக்குறது இங்கால."

அவள் பார்த்தது மேசைக்கடியில் இருந்தது. ஒரு பெரிய மரப்பெட்டி, இரண்டு சின்னப் பெட்டிகள்.* யூடியூப்பில் மட்டும் கண்டிருந்தாள். அந்த வகையைக் கம்பனி இப்போது செய்வதில்லை. குனிந்து, பெரிய பெட்டியின் கூம்பைச் சுற்றியிருந்த றப்பரை விரலால் தடவினாள். பழைய ஸ்பீக்கரில் முதலில் வெடிப்பது அதுதான். வெடிக்கவில்லை. எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். முகத்தை வேறு பக்கம் திருப்பினாள்.

* பெயரை எழுதவில்லை. எழுதினால் கதையை விட்டுவிட்டுத் தேடப் போய்விடுவீர்கள். விலையையும் எழுதவில்லை. இது அச்சில் வரும்போது அந்த விலை பொய்யாகியிருக்கும். மலிவு என்று மட்டும் சொல்லலாம். அவளே நம்பாத அளவுக்கு மலிவு.

"உது என்ன, உடைஞ்ச சாமானோ?"

"ஒடஞ்சதெண்டா அத ஏன் அக்கா அப்பிடித் தடவுறீங்க?"

விலை சொன்னார்.

"இவ்வளவோ? தூசிக்கும் சேத்தோ?"

"தூசி சும்மா. கொழும்புத் தூசி, இங்க கிடைக்காது."

அவள் கீபோர்ட் பக்கம் நடந்தாள். அவர் விலையைக் குறைத்தார். அவள் திரும்பவில்லை. இன்னும் குறைத்தார்.

"இதான் கடைசி. நோன்போட சொல்லுறன்."

"ஒருக்காப் பாட்டொண்டு —" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "வேண்டாம். தவக்காலம்."

"நானும் போடமாட்டன். நோன்பு."

"பிறகு எப்பிடிப் பாக்கிறது?"

"நான் வெளியில போய் நிக்கிறன். நீங்க போட்டுக் கேளுங்க."

"பாவத்தை எனக்குத் தள்ளிப்போட்டோ? நல்ல ஆள்."

நவ்ஷாத் யோசித்தார். கைத்தொலைபேசியில் வானொலியைப் பிடித்து இணைத்தார். மீனவர்களுக்கான வானிலை அறிக்கை போய்க்கொண்டிருந்தது. புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் காற்று எந்தத் திசையில் வீசும் என்று ஒரு பெண் சொன்னார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் அவர் மூச்செடுப்பது கேட்டது.

"பாத்தீங்களா? காத்தே அடிக்குது."

அன்ரோனெற் பெரிய பெட்டியின் மேல் கையை வைத்தாள். அது அசையவில்லை. கனத்த அடிச்சத்தம் மட்டும்தான் அதில் வரும்; அந்தப் பெண்ணின் குரலில் அதற்கு வேலை இல்லை. அவளுக்கு வேண்டியது அந்தப் பெட்டி. அது செத்திருந்தால் மற்ற இரண்டும் அவளுக்கு இயர்போன்தான்.

4

வாசகர் இந்த இடத்தில் என்னை நிறுத்தவேண்டும். பதிவு அவள் கைத்தொலைபேசியில்தானே இருக்கிறது? அதையே போட்டுக் கேட்கலாமே?

இந்தக் கேள்வியை நானும் பிந்தித்தான் கேட்டேன். கேட்டபிறகு சில நாள் எழுதவில்லை. முதலில் பதிவு வீட்டில் இருப்பதாக மாற்றினேன். அது ஏமாற்று. பிறகு, அவள் அதை நினைத்துப் பார்க்கவில்லை என்று எழுதினேன். அது அவளை அவமதிப்பது. அவள் நினைத்திருப்பாள். நினைத்துவிட்டு, ஒருவர் பிழைப்பு நடத்தும் கடைக்குள் சாவுப் புலம்பலைக் கொண்டுவரக்கூடாது என்று விட்டிருப்பாள். தன் வீட்டில் செய்யாததை இன்னொருவரின் கடையில் செய்வதா?

ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். வெட்டாத பழைய பதிவில், அப்பா பாடத் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் மட்டும் ஓடுகிறது.

அது பாட்டில்லை. புலம்பலும் இல்லை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அவள்தான் —

[இப்படியான வரிகளை நான் நம்புவதில்லை. இருந்தாலும் விட்டுவைக்கிறேன்.]

5

"ஜெனரேட்டர் போட்டால் நோன்பு முறியுமோ?" என்று கேட்டாள்.

"இல்ல. ஏன், ஜெனரேட்டரும் கொண்டு வந்தீங்களா?"

அவள் இணைத்தாள். நிறுத்தும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

முதலில் மேசை அறிந்தது. அதன்மேல் கிடந்த ஆணிகள் நடுங்கின. பிறகு கால்கள் அறிந்தன. கடைக்கு வெளியே யாரோ இயந்திரத்தை இழுத்துவந்து வைத்ததுபோல் இருந்தது. பெரிய பெட்டி உயிரோடுதான் இருந்தது. அன்ரோனெற் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு வருடமாக அவள் பகையாக நினைத்த சத்தம். இவ்வளவு ஆழமானது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

விரல் பிந்திவிட்டது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"வாங்க ஐயா" என்று நவ்ஷாத் வாசல் பக்கம் திரும்பினார்.

வாசலில் ஒருவரும் இல்லை. அன்ரோனெற் நிறுத்தினாள். அவர் வாசலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆர் அக்கா அது?"

"அப்பா."

"மௌத்தாப் போனாரா?"

"இல்லை, இல்லை. வீட்டில இருக்கிறார். குரல்தான் இல்லை."

 நவ்ஷாத் பெட்டியின் முன்னால் குந்தி இருந்து, அதை முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"சரியான சாமான் போல இருக்கே" என்றார்.

6

இங்கே விலை மாறலாம். நவ்ஷாத் கூட்டலாம். அவர் வியாபாரி. இல்லாத ஒருவரைத் திரும்பி வரவேற்க வைத்த பெட்டியை யார் பழைய விலைக்குக் கொடுப்பார்கள்? அல்லது, அவளுடைய அப்பாவை நினைத்து இன்னும் குறைக்கலாம். இந்த இரண்டாவதைத்தான் முதலில் எழுதினேன். வாசித்தபோது வெட்கமாக இருந்தது. இரக்கப்பட்டுக் கொடுப்பதைவிட, வாய் தவறிச் சொன்னதற்காகக் கொடுப்பதுதான் மனிதர்கள் செய்வது.

"நோன்போட சொல்லிட்டன்" என்றார் நவ்ஷாத். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "சொன்னதுதான் விலை. தூக்குங்க, மனசு மாறுறதுக்குள்ள."

அவள் தூக்கினாள்.

"கீபோர்ட் வேணாமா?"

"எந்தக் கீபோர்ட்?"

7

ஸ்பீக்கரை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் பாடகர் குழுவின் அறை இருந்தது. அங்கே வைத்து, வேலை முடிந்து வந்து, சத்தமாகப் போட்டுக் கேட்டாள். கேட்டபோது விளங்கியது. குரலும் ஜெனரேட்டரும் ஒரே அடியில் ஓடின. ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும். அவள் எதையும் வெட்டவில்லை.

கொலின்ஸ் வந்து கேட்டான்.

"என்னடி, பெரிய வெள்ளியில மிசினையும் சேத்துப் பாடவிடப் போறியோ?"

"அண்டைக்குக் கரண்ட் இல்லைத்தானே. மிசின் ஓடினது எல்லாருக்கும் தெரியும்."

அவன் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டான். "மாமாவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று எழுந்து போனான். பதிவு ஒப்புக்கொள்ளப்பட்டால் தான் பாட முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

[கொலின்ஸை இவ்வளவு நல்லவனாக்க நான் நினைத்திருக்கவில்லை. அழிக்கப் பார்த்தேன். கூட்டிவர வேறு ஆள் இல்லை.]

8

முடிவுகள்.

முதலாவது: அமிர்தநாயகம் கேட்டுவிட்டு ஓம் என்கிறார். இதில் குற்றமில்லை. ஆனால் இதற்காக நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது: கேட்டுவிட்டு, வேண்டாம் என்கிறார். போன வருடம் மறுத்தது, அது அவரில்லை என்பதற்காக. இந்த வருடம் அது அவர்தான் என்பதற்காக. இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

மூன்றாவது: கரண்ட் போகிறது. இங்கே நடக்காததல்ல. ஆனால் மின்சாரசபை செய்தால் பொறுத்துக்கொள்பவர்கள் எழுதுபவன் செய்தால் பொறுக்கமாட்டார்கள்.

எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

அமிர்தநாயகம் கதிரையில் இருந்தார். கொலின்ஸ் கதவருகில் நின்றான். அன்ரோனெற் போட்டாள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அமிர்தநாயகம் மகளைப் பார்த்தார். இதை நீக்கவில்லையா என்பதுபோல. அவள் பெட்டியைக் காட்டினாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய முகம் மெல்ல மாறியது. அவர் பாடிய வருடங்களில் இயந்திரம் ஓடிய வருடம் எது என்று தேடுகிறாராக்கும்.

பெட்டிக்குள் அந்த ஆள் தொண்டையைச் செருமினார்.

கதிரையில் இருந்தவரின் முதுகு நிமிர்ந்தது. எழுந்தார். சுரூபத்துக்கு முன்னால் நிற்கும்போது செய்வதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூச்சை உள்ளே இழுத்தார். வாய் திறந்தது.

கடையில் அன்ரோனெற்றின் விரல் பிந்திவிட்டது. நான் பிந்தவில்லை. இங்கே நிறுத்திவிட்டேன். அடுத்து வரவேண்டியது குரல். அதை என்னால் எழுத முடியாது. அவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்.

அதிக நேரம் நிற்க விடாதீர்கள்.